நோயாளியின் நிலை சரிவதை முன்கூட்டியே கண்டுகொள்வது எப்படி?

தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேரும் செவிலியர்களின் கண் முதலில் ரத்த அழுத்தத்தின் மீதுதான் போகிறது. ஆனால், குறிப்பாக இளவயதினரிடம், உடல் தன்னால் இயன்றவரை ஈடுகட்டிப் பார்த்த பிறகே அழுத்தம் இறங்குகிறது என்பதால், பெரும்பாலும் அதற்கு முன்பே மாறிவிடும் மூச்சிலிருந்து தொடங்குவதே நல்லது.

படி 1: மூச்சை எண்ணுங்கள்

நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி தம்மையறியாமலே மூச்சை மாற்றிக்கொள்வார். மானிட்டர் காட்டும் சுவாச எண், அவர் சற்று அசைந்தாலே பிழைபடக்கூடியது. (வார்டில் உள்ள எல்லோருக்கும் 20 என்று எழுதியிருந்தால், ஒருவருக்கும் எண்ணவில்லை என்று கொள்ளலாம்.)

படி 2: மதிப்பெண் இடுங்கள்

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய ‘நியூஸ் 2’ (தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண்) முறையை எடுத்துக்கொள்வோம்; இயல்பிலிருந்து விலகும் ஒவ்வோர் அளவுக்கும் புள்ளி தந்து கூட்டும் முறை இது. ஒருவருக்குச் சுவாசம் 23 (2 புள்ளி), ஆக்சிஜன் செறிவு 95 சதவீதம் (1), அதுவும் ஆக்சிஜன் கொடுக்கும்போது (2), சிஸ்டாலிக் அழுத்தம் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) 108 (1), நாடி 104 (1), வெப்பநிலை 38.2 செல்சியஸ் (1), நினைவு தெளிவு (0) என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே பார்த்தால் எதுவும் பதற வைக்காது. கூட்டினால் 8 வருகிறது. 5 வந்தாலே மருத்துவர் விரைந்து பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசரநிலை என்பது இம்முறையின் விதி. 16 வயதுக்கு உட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது.

படி 3: மதிப்பெண்ணில் வராதவற்றைப் பாருங்கள்

இம்முறை முதன்மையாகப் பொது வார்டுகளுக்கானது. வென்டிலேட்டரிலும், ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தான நோர்அட்ரினலினிலும் இருப்பவரின் எண்களைக் கருவியும் மருந்துமே தாங்கிப் பிடிப்பதால், அழுத்தம் மாறாமல் இருக்க மருந்தின் அளவு மட்டும் மணிக்கு மணி கூடிக்கொண்டே போனால், அவர் நிலை சரிகிறது என்றே கொள்ள வேண்டும். சிறுநீர் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லிக்குக் கீழே, அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். விரல்நுனியை அழுத்தி விட்டபின் நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆகிறதா, முழங்காலைச் சுற்றித் தோல் திட்டுத்திட்டாகக் கருநீலம் பாய்கிறதா என்பதையும் கவனியுங்கள். நாடித் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை உட்கொள்பவருக்கு நாடி ஏறாமலே போகலாம்.

படி 4: எண்களோடு அழையுங்கள்

“நோயாளி சரியில்லை” என்பதைவிட, “சுவாசம் ஒரு மணி நேரத்தில் 18இலிருந்து 23 ஆகியிருக்கிறது, சிறுநீர் 20 மில்லிதான், உடனே வந்து பாருங்கள், டாக்டர்” என்று சொல்லுங்கள். அழைத்த நேரத்தையும் தாளில் குறித்துவிடுங்கள்.