பழைய அவுட்போர்டு மோட்டாருக்கு ஃப்யூயல் பம்ப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களில், 1950களில் வந்த ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் பலவற்றில் ஃப்யூயல் பம்ப் கிடையாது. டேங்கிலிருந்து இரட்டை ஹோஸ் வரும். ஒன்றின் வழியாக கிராங்க்கேஸ் (பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறை) காற்று போய் டேங்கை அழுத்தும்; அந்த அழுத்தத்தில் மற்றொன்றின் வழியாக பெட்ரோல் கார்புரேட்டருக்கு ஏறும். அத்தனை வயதான கேஸ்கெட்டோடு, அழுத்தம் ஏறிய பெட்ரோல் டேங்கைக் காலடியில் வைத்துக்கொண்டு போக யாருக்கும் மனசு வராது. பம்புக்கு மாற்றுவது நல்ல முடிவுதான்.

ஆனால் மாற்றிய பிறகு மோட்டார் திணறினால் பம்பைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். பெரும்பாலும் அதன்மேல் குற்றம் இருக்காது. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு (டயாஃப்ரம்) ஆடி பெட்ரோலைத் தள்ளும் இந்த பம்ப் ஓடுவதே கிராங்க்கேஸ் பல்ஸில், அதாவது அழுத்தத் துடிப்பில்தான். பிஸ்டன் மேலே போனால் கிராங்க்கேஸ் உறிஞ்சும், கீழே வந்தால் தள்ளும். இரண்டும் மாறி மாறி வந்தால்தான் டயாஃப்ரம் ஆடும்.

இங்கேதான் முதல் தவறு. டேங்கை அழுத்த தள்ளல் மட்டும் போதும் என்பதால், காற்று திரும்பிப் போகாதபடி பழைய அமைப்பில் சின்னச் சின்ன செக் வால்வுகள் இருக்கும். அவற்றைக் கழற்றாமல் அதே வழியில் பம்பை இணைத்தால் டயாஃப்ரம் ஒரு பக்கமாக உப்பி அப்படியே நின்றுவிடும். பம்பை மாட்டும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பல்ஸ் வரும் துளையில் விரலை வைத்து ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். விரலைத் தள்ள வேண்டும், அப்புறம் இழுக்க வேண்டும். தள்ள மட்டும் செய்தால் உள்ளே வால்வு இன்னும் இருக்கிறது.

இரண்டு சிலிண்டர் மாறி மாறி வெடிக்கும் மோட்டாரில் இன்னொரு பொறி உண்டு. இரண்டு கிராங்க்கேஸ் வழிகளையும் ஒரே குழாயில் சேர்த்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், பல்ஸ் அடங்கிப்போகும். ஒரு சிலிண்டரிலிருந்து மட்டும் எடுங்கள். மற்றதை இறுக்கமாக அடையுங்கள், ஏனோதானோவென்று அல்ல. அங்கே காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டனே காலியாகும்.

பல்ஸுக்குப் புதுத் துளை போட வேண்டியிருந்தால், துளை விழும் கிராங்க்கேஸ் பக்க மூடியைக் கழற்றி எடுத்து வெளியே வைத்துத் துளையிடுங்கள். மோட்டாரில் இருக்கும்போதே டிரில் வைத்தால் உலோகத் தூள் நேராக பேரிங்குக்குப் போகும். பல்ஸ் ஹோஸ் குட்டையாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். நீளமான மெத்தென்ற ஹோஸ் பல்ஸை விழுங்கிவிடும். பம்ப் அந்தத் துளையைவிட மேலே இருந்தால் ஹோஸில் சேரும் ஆயில் தானாகக் கீழே வடிந்துவிடும்.

எலக்ட்ரிக் பம்ப் போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்று தோன்றும். மோட்டார் நின்ற பிறகும் அது பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருக்கலாம், அழுத்தமும் அதிகமாகலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

டேங்கையும் மாற்றத்தான் வேண்டும். காற்றுத் துளையுள்ள ஒற்றை ஹோஸ் டேங்க், அம்புக்குறி மோட்டாரைப் பார்த்தபடி பிரைமர் பல்ப் (பெட்ரோலை ஏற்றக் கையால் அமுக்கும் ரப்பர் குமிழ்), பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர். புது டேங்க் வந்ததும் பெட்ரோலில் கலக்கும் ஆயிலையும் புது மோட்டார் கணக்கில் 50-க்கு 1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) என்று கலப்பவர்கள் இருக்கிறார்கள். பம்ப் மாறியதால் பேரிங் மாறிவிடாது. பழைய மோட்டாருக்கு 24-க்கு 1, புஷ் பேரிங் (உருளைகள் இல்லாத வெறும் உலோக வளையம்) உள்ளதற்கு 16-க்கு 1 என்று அதன் கையேடு எதைச் சொல்கிறதோ அதுதான் கணக்கு.

முதல் ஓட்டத்தில் மேல் மூடியைத் திறந்தே வையுங்கள். மோட்டார் அணையப் போகும்போது பல்பை அமுக்கினால் மறுபடி பிடித்துக்கொள்கிறதா? பல்ஸ் போதவில்லை, அல்லது டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ காற்று புகுகிறது. அந்தப் பக்கம் பெட்ரோல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது, ஒவ்வொரு கிளாம்ப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பல்ப் தட்டையாகச் சுருங்கியிருந்தால் டேங்க் மூடியின் காற்றுத் துளையைத் திறக்க மறந்திருப்பீர்கள். புகை கக்கி, பல்ஸ் எடுத்த சிலிண்டரின் பிளக் மட்டும் நனைந்திருந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். பெட்ரோல் பல்ஸ் வழியாகவே கிராங்க்கேஸுக்குள் இறங்குகிறது.