பெயர் பெறாத ஊருக்குப் பயணம் போவது எப்படி

சுற்றுலாப் பட்டியல் எதிலும் இல்லாத சின்ன ஊர்களுக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகப் போகலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் கிளம்பும் முன் இரண்டு கேள்விகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் முன்பு எதை வைத்துப் பிழைத்தது? இப்போது எதை வைத்துப் பிழைக்கிறது? இந்தக் கேள்விகள் இல்லாமல் போனால், பூட்டிய கடைகளையும் நிழலில் தூங்கும் நாய்களையும் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பீர்கள். கேள்விகளோடு போனால் ஒரு முழு நாள் போதாது.

நான் வங்கித் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிளை எங்கே இருக்கிறதோ அங்கே போயாக வேண்டும். ஊரை நாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. கடன் பேரேட்டைப் புரட்டினால் ஊர் எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும். எந்த மாதம் கடன் வாங்குகிறார்கள், எந்த மாதம் பணம் திரும்பி வருகிறது, யாருடைய கணக்கு பல வருஷமாக அசையாமல் கிடக்கிறது எல்லாம் அதில் இருக்கும். சாயங்காலம் தெருவில் நடக்கும்போது அந்த எண்கள் வீடாகவும் கடையாகவும் கண்முன் நிற்கும். பயணிக்குப் பேரேடு கிடைக்காதுதான். ஆனால் அதில் இருப்பதில் பாதியாவது தெருவிலேயே தெரியும். எங்கே பார்ப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு நாலு நாள்தான் லீவு, குழந்தைகள் கடல் பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்றால் கடலுக்கே போங்கள். சின்ன ஊர் அவசரக்காரருக்கு எதுவும் தராது.

எந்த ஊர்

எப்போதும் சின்னதாகவே இருந்த ஊர் ஒரு வகை. பெரிதாக இருந்து சுருங்கிய ஊர் இன்னொரு வகை. முதல் தடவை போகிறவர்கள் இரண்டாவது வகையைத் தேடுவது நல்லது. அங்கே தெருவே உங்களைக் கேள்வி கேட்க வைக்கும்: இவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு இவ்வளவு அகலமான வீதி? இரண்டாயிரம் பேர் இருக்கும் இடத்தில் எதற்கு இத்தனை பெரிய மாடி வீடுகள்?

ஊர் சுருங்குவதற்குக் காரணங்கள் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான். தண்ணீர் விலகிப்போவது ஒரு காரணம். பெல்ஜியத்தின் புரூஜ் நகரம் இடைக்கால ஐரோப்பாவின் பெரிய சந்தைகளில் ஒன்று. அதைக் கடலோடு இணைத்த ஸ்வின் கால்வாயில் மண் தூர்ந்துபோனதும் வியாபாரம் ஆன்ட்வெர்ப்புக்குப் போய்விட்டது. வியட்நாமின் ஹோய் ஆன் துறைமுகத்துக்கும் அதே கதி. ஆற்றின் வாயில் மண் சேர்ந்தது, கப்பல்கள் டா நாங்குக்குப் போயின. இன்று இரண்டு ஊரையும் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் இல்லாமல் போனதால்தான் அவை பிழைத்தன என்பதை வருகிறவர்களில் எத்தனை பேர் யோசிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ரயில் வராமல் போவது இன்னொரு காரணம். ஜப்பானில் எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் மலைகள் வழியாக இணைத்த நாகசெண்டோ பாதையில் 69 தங்கல் ஊர்கள் இருந்தன. அதில் 42ஆவது ட்சுமாகோ. ரயில் பாதை வேறு பக்கமாகப் போனதும் நடந்து வருகிறவர்கள் நின்றார்கள், ஊர் காலியாக ஆரம்பித்தது. மிஞ்சியிருந்தவர்கள் 1971இல் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. அந்த மூன்று வரியால்தான் ஊர் இன்றும் இருக்கிறது.

வியாபாரப் பாதை மாறுவது மூன்றாவது. ராஜஸ்தானின் ஷேகாவதிப் பகுதியில் ஒட்டக வியாபாரம் படுத்ததும் வணிகக் குடும்பங்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போய்ச் சம்பாதித்தன. அந்தப் பணத்தில் சொந்த ஊரில் சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய மாளிகைகளைக் கட்டின. பிறகு பிள்ளைகள் நகரத்திலேயே தங்கிவிட்டார்கள்; மாளிகைகள் பலவற்றில் காவலாளி மட்டும்தான். இங்கிலாந்தின் லாவென்ஹாம் கம்பளித் துணியால் பணக்கார ஊராகி, அந்தத் தொழில் போனதும் அப்படியே நின்றுவிட்டது. அதன் மரச்சட்ட வீடுகள் இன்னும் கோணலாகச் சாய்ந்து நிற்கின்றன.

இப்படிப்பட்ட ஊரை வரைபடத்திலேயே கண்டுபிடிக்கலாம். செயற்கைக்கோள் படத்தில் ஊரின் நடுவில் பெரிய சதுக்கமோ நேரான அகல வீதியோ இருந்து, சுற்றிலும் வீடுகள் குறைவாக இருந்தால் அது பழைய சந்தையாக இருக்க வாய்ப்பு அதிகம். நெடுஞ்சாலை ஊரைத் தொடாமல் வளைந்து போகிறதா என்று பாருங்கள். தெருப் பெயர்களைப் படியுங்கள்; உப்பு, எண்ணெய், சாயம், தோல் என்று ஏதாவது வரும். ரயில் நிலையம் ஊரை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் முக்கியம். இந்தியாவில் நிலையத்தின் பெயரோடு ‘ரோடு’ என்று ஒட்டியிருந்தால், அந்த ஊருக்கு அங்கிருந்து இன்னும் சாலை வழியாகப் போக வேண்டும் என்று அர்த்தம். ஆபு ரோட்டில் இறங்கினால் மவுன்ட் ஆபுவுக்கு இன்னும் சுமார் 28 கிலோமீட்டர்.

எப்போது, எத்தனை நாள்

சந்தை நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். வேறு எந்த ஏற்பாடும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள். வாரத்தில் ஆறு நாள் காலியாகத் தெரியும் ஊர் ஏழாம் நாள் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் தலைநகரம். என்ன விளைகிறது, என்ன வெளியிலிருந்து வருகிறது, எதற்குப் பேரம் பேசுகிறார்கள், யார் கடனுக்கு வாங்கிப் போகிறார்கள் என்பதெல்லாம் ஒரு காலை நேரத்தில் தெரிந்துவிடும். சந்தை விடியற்காலையில் முடிந்துவிடும் ஊர்கள் உண்டு, அதனால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

இரண்டு இரவு சரியான கணக்கு. முதல் நாள் மதியம் போய்ச் சேர்ந்தால் வெளிச்சம் இருக்கும்போதே ஊரை ஒரு சுற்றுப் பார்க்கலாம். நடுவில் ஒரு முழு நாள். மூன்றாம் நாள் காலை விட்டுப்போன இடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் ஊரின் மத்தியானத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். சின்ன ஊரில் மத்தியானம் எல்லோரும் உள்ளே இருப்பார்கள்.

தங்கும் இடத்துக்குப் போனிலேயே பேசி உறுதி செய்யுங்கள். இணையத்தில் ‘இடம் உண்டு’ என்று காட்டினாலும் பேசுங்கள். தனியாகப் போகிற பெண்கள் இரவில் வரவேற்பில் யார் இருப்பார்கள், அறைக்கதவு உள்ளிருந்து சரியாகத் தாழிடுமா என்பதை நேரடியாகக் கேட்டுவிடலாம். தயங்க ஒன்றுமில்லை. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் முதல் வேலை, திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்வது. அப்புறம் ஊருக்குள் நடக்கலாம்.

தெருவில் எதைப் பார்ப்பது

முதல் ஒரு மணி நேரம் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து ஊரின் பழைய நீர்நிலைக்கும் நடங்கள். குளமோ ஆற்றுத் துறையோ கிணறோ எதுவாக இருந்தாலும் சரி, ஊர் அங்கிருந்துதான் ஆரம்பித்திருக்கும்.

நடக்கும்போது தலையை நிமிர்த்தி மாடிகளைப் பாருங்கள். கீழ்த்தளம் கடைக்காக மாறிக்கொண்டே இருக்கும். ஷட்டரும் விளம்பரப் பலகையும் பழையதை மூடிவிடும். மாடியைத் தொட யாருக்கும் அவசியம் இருக்காது. ஜன்னல் வளைவு, கைப்பிடிச் சுவர், கட்டிய வருஷம், முதலாளியின் பெயரெழுத்து எல்லாம் மேலே அப்படியே இருக்கும். ஒரே தெருவில் நாலைந்து வீட்டில் பக்கத்துப் பக்கத்து வருஷங்கள் பொறித்திருந்தால், ஊரில் பணம் புரண்ட காலம் அதுதான். எந்த வருஷத்துக்குப் பிறகு புது வீடே இல்லை என்று தேடுங்கள். பணம் நின்ற காலமும் தெரிந்துவிடும்.

அடுத்து, என்னவெல்லாம் பழுது பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். விற்கிற கடையை விட ரிப்பேர் கடை நன்றாகப் பேசும், ஏனென்றால் மக்கள் தினமும் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதுதான் அங்கே வரும். ஓர் ஊரில் அடுத்தடுத்து மோட்டார் காயில் கட்டும் கடைகளாகவே பார்த்தேன். நிலத்தடி நீர் ஆழத்துக்குப் போய்விட்டது, மோட்டார்கள் ஓய்வில்லாமல் ஓடி எரிகின்றன என்பதை அப்புறம்தான் கிளையில் இருந்தவர்கள் சொன்னார்கள். அந்த ஊரின் கடன் பேரேட்டில் பாதி அந்த ஆழ்துளைக் கிணறுகள்தான். இரும்புக்கடை, கயிற்றுக்கடை, வலை பின்னும் திண்ணை எதையும் அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். கல்லறைத் தோட்டமோ நினைவுக்கல்லோ இருந்தால் தேதிகளைப் படியுங்கள். ஒரே வருஷத்தில் நிறையப் பெயர்கள் இருந்தால் அந்த வருஷம் என்ன நடந்தது என்று நூலகத்தில் கேளுங்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது

‘இங்கே பார்க்க என்ன இருக்கு?’ என்று கேட்டால் ‘இங்கே ஒண்ணும் இல்லையே’ என்ற பதில்தான் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. கோட்டை, அருவி, அரண்மனை பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறார்கள், அது அங்கே இல்லை. கேள்வியை மாற்றுங்கள். ‘இந்தக் கட்டடம் முன்னாடி என்னவா இருந்தது?’ என்று கையைக் காட்டிக் கேளுங்கள். ‘உங்க அப்பா காலத்துல இந்தத் தெரு எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும், சில சமயம் நிறுத்த முடியாது.

வயதான தையல்காரர், முடிதிருத்துபவர், தபால்காரர், நூலகர் இந்த நாலு பேரையும் தேடிப் போவேன். இவர்களுக்கு ஊரில் எல்லோரையும் தெரியும்; கை வேலையில் இருந்தாலும் பேச முடியும். ஓர் ஊரில் கடைவீதி ஏன் இவ்வளவு அகலம் என்று ஒரு தையல்காரரிடம் கேட்டேன். அது பஞ்சு மண்டி இருந்த தெருவாம். பொதி ஏற்றிய வண்டி, மாட்டோடு சேர்த்து ஒரே வளைப்பில் திரும்ப அவ்வளவு அகலம் வேண்டும் என்றார். வெட்டுகிற துணியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அதன்பிறகு அந்தத் தெருவை என்னால் வெறும் தெருவாகப் பார்க்க முடியவில்லை. சுவர் ஓரம் தேய்ந்து கிடந்த கற்களெல்லாம் சக்கரம் உரசிய இடம் என்று புரிந்தது.

கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். வாடிக்கையாளர் வந்தால் நகர்ந்து நில்லுங்கள். யாரையும் பேட்டி எடுப்பதுபோல் நோட்டும் பேனாவுமாக உட்கார வேண்டாம், அறைக்குத் திரும்பியதும் எழுதிக்கொள்ளலாம்.

ஊருக்குப் பாரமாகாமல்

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் கிராமத்தில் வசிப்பவர்கள் எண்ணூறு பேருக்கும் குறைவு. கூட்டம் அதிகமான நாட்களில் பத்தாயிரம் பேர் வரை வருகிறார்கள். செல்ஃபி எடுக்கும் இடத்தில் 2023இல் மரத்தடுப்பு வைத்து மறைத்துப் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். தன் வீட்டு வாசலில் நிம்மதியாக நிற்க முடியாத நிலை எந்த ஊருக்கும் வரக்கூடாது.

இத்தாலியின் மாட்டேராவைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே குகை வீடுகளில் மக்கள் வறுமையில் வாழ்ந்தது நாட்டுக்கே அவமானம் என்று பேசப்பட்டு, 1952இல் சட்டம் போட்டு அவர்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அதே குகைகள் 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 2019இல் ஊர் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரம் ஆனது. நாம் அழகு என்று ரசிக்கிற பழமைக்குள் யாரோ ஒருவருடைய கஷ்டம் இருந்திருக்கலாம். அதனால் இடிந்த வீட்டைப் படம் எடுக்கும் முன் அது யாருடையது என்று கேளுங்கள். ‘இந்த ஊர் இப்படியே மாறாமல் இருக்கணும்’ என்று அங்கே வாழ்கிறவரிடம் சொல்லாதீர்கள். அவர் நல்ல ஆஸ்பத்திரியும் பஸ்ஸும் கேட்டு மனு கொடுத்துக்கொண்டிருப்பார்.

செலவை அந்த ஊரிலேயே செய்யுங்கள். தண்ணீர் பாட்டில் முதல் தேய்ந்த செருப்பைத் தைப்பது வரை எதையும் வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டாம்.

சில ஊர்கள் உண்மையிலேயே ஒட்டாது. முழு நாள் நடந்தும் யாரும் பேசவில்லை, உங்களுக்கும் கேட்க எதுவும் தோன்றவில்லை என்றால் இரண்டாவது இரவை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். பிடித்துப்போன ஊருக்கு வேறொரு பருவத்தில் திரும்பப் போங்கள். அறுவடைக்கு முன்னும் பின்னும் அது வேறு வேறு ஊர்.

யாரையாவது அவர் சம்மதத்தோடு படம் எடுத்திருந்தால், முகவரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படத்தை அச்சுப் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். பழைய கட்டடங்களின் படங்கள் இருந்தால் அவற்றில் ஒரு பிரதி அந்த ஊர் நூலகத்துக்கு, பின்பக்கம் தெருவின் பெயரும் தேதியும் எழுதி. வீடு திரும்பிய வாரத்திலேயே செய்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் போகாது.