ஆறு ஊர்ப் புடவையில் ஒரு போர்வை: முதல்முறை தைப்பவர்களுக்கு

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மொத்தம் ஏழு பேர். 2020 ஊரடங்கில் ஆன்லைனில் ஓர் எம்ப்ராய்டரி வகுப்பில் சேர்ந்தோம். வகுப்பு முடிந்தது, குழு மட்டும் கலையவில்லை. யாரும் யாரையும் நேரில் பார்த்தது கிடையாது. என் போனில் அவர்கள் பெயரே ஊர்தான்: சேலம், மதுரை, காரைக்குடி, நாகர்கோவில், பெங்களூரு, தஞ்சாவூர். நான் திருப்பூர்.

தஞ்சாவூருக்கு ஏழாம் மாதம் என்று தெரிந்ததும் அவளை விட்டுவிட்டு இன்னொரு குழு தொடங்கினோம். வளைகாப்புக்கு எல்லோராலும் போக முடியாது. பிறந்த குழந்தையைப் பழைய வேட்டித் துணியில் ஏந்துகிற ஊர் நம்முடையது, அதனால் ஆறு வீட்டுப் பழைய துணியையும் சேர்த்து ஒரு போர்வை தைக்கலாம் என்று முடிவானது. ஒட்டுப்போடும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போது செய்ததைத்தான் வரிசையாக எழுதுகிறேன். நேராக ஒரு தையல் அடிக்கத் தெரிந்தால் போதும், எம்ப்ராய்டரி எல்லாம் தேவையில்லை.

என்னென்ன வேண்டும்

பழைய காட்டன் புடவைத் துணியில் 35 சதுரங்கள், ஓரப்பட்டிக்கு ஒரு புடவை, நடுவில் வைக்க ஒரு பழைய காட்டன் பெட்ஷீட், அடிப்பக்கத்துக்கு ஒரு நாலு முழ வேட்டி. நல்ல கத்தரி, ஸ்கேல், சாக்பீஸ், குண்டூசி, 35 ஊக்கு, காட்டன் நூல், இஸ்திரிப் பெட்டி. மெஷின் கால்மிதியாக இருந்தாலும் சரி, மோட்டார் என்றாலும் சரி.

1. துணி தேர்வு

திருப்பூரில் இருந்துகொண்டு துணிக்குப் பஞ்சமா என்று சேலம் கேட்டாள். பஞ்சமில்லைதான், பனியன் கம்பெனி வெட்டுத்துணி கிலோ கணக்கில் கிடைக்கும். ஆனால் அது பின்னல் துணி, இழுத்தால் நீளும். மெஷினில் வைத்ததும் ஒரு பக்கம் நீண்டு சதுரம் சாய்சதுரம் ஆகிவிடும். கைப்பழக்கம் வரும்வரை நெய்த காட்டன் மட்டும் எடுங்கள்.

காட்டன்தானா என்று சந்தேகமா? ஓர் இழையை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காட்டன் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, நுனியில் கெட்டியாக ஒரு மணி திரளும்.

புடவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைந்திருக்காது. கொசுவம் செருகும் இடமும் காலில் உரசும் கீழ்க்கரையும்தான் முதலில் போகும். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து லேசாக இழுங்கள். இழை விலகினால் அந்த இடத்தை மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒதுக்கிவிட வேண்டியதுதான். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும்.

2. தோழிகளுக்குச் சொல்ல வேண்டியது

நீங்கள் தனியாகத் தைப்பதானால் இதைத் தாண்டிப் போகலாம். பலரிடம் வாங்கித் தைப்பதானால் இதுதான் முக்கியமான கட்டம்.

சதுரம் தைத்த பிறகு 6 இஞ்ச் நிற்க வேண்டும். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் இஞ்ச் என்றால் வெட்டு அளவு ஆறரை. நான் முதலில் எங்கள் வீட்டுக்கு ஒரு போர்வை தைத்தபோது எல்லோரிடமும் ஆறரை என்றுதான் சொன்னேன். வந்தவை ஆறு, ஆறே கால், ஆறே முக்கால். ஒருத்தி செண்டிமீட்டர் பக்கம் பார்த்து அளந்திருந்தாள். சின்னதாக வந்ததை என்ன செய்தும் பெரிதாக்க முடியாது. அதனால் இந்த முறை, "கண்ணை மூடிக்கொண்டு 7 இஞ்ச் வெட்டி அனுப்புங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். ஆளுக்கு ஆறு சதுரம் என்று ஐந்து பேரிடம் 30, என்னுடையது ஐந்து.

ஆறு சதுரம் ஒரு சாதாரணக் கவரில் அடங்கிவிடும், எடையும் இருக்காது. ஆனாலும் ஸ்பீட் போஸ்ட்டிலேயே அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவின் புடவையை வெட்டி அனுப்பிவிட்டு, அது எங்கே போகிறது என்று தெரியாமல் யாராலும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

3. துவைத்து, காயவைத்து, அப்புறம் வெட்டு

என் முதல் போர்வையில் மதுரையின் சிவப்புச் சுங்குடியும் நாகர்கோவிலின் சந்தன நிற நேரியலும் (தோளில் போடும் மேலாடை) பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. முதல் சலவையிலேயே சுங்குடி சாயம் விட்டு, நேரியல் ரோஸ் திட்டாகிவிட்டது. ஒரு வாரம் சோப்புத் தண்ணீரில் போராடினேன். போகவே இல்லை. மகள் அதற்கு ‘ரோஸ் மேகம்’ என்று பேர் வைத்து, தலைமாட்டில் அந்தப் பக்கம்தான் வர வேண்டும் என்கிறாள்.

எனவே ஒவ்வொரு வீட்டுத் துணியையும் தனித்தனியாக வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு ஊறவையுங்கள். உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன், அதை நம்பி இருக்க முடியாது. அலசும் தண்ணீர் தெளியும்வரை அலசுவதுதான் வழி. அப்புறம் ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால் இன்னும் ஒரு சுற்று அலசல். மூன்று முறைக்கு மேலும் விட்டால் அந்தத் துணி வேண்டாம்.

காய்ந்ததும் தேய்த்துவிட்டு, கெட்டி அட்டையில் ஆறரை இஞ்ச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அதே அட்டையை வைத்து வரைந்து வெட்ட வேண்டும். முதலில் வெட்டிய துணியை வைத்து அடுத்ததை வெட்டினால் ஒவ்வொன்றும் ஒரு நூல் வளர்ந்துகொண்டே போகும். இழை போகும் திசைக்கு நேராக வெட்டுங்கள், கிராஸில் வெட்டினால் காட்டனும் நீளும்.

4. தரையில் பரப்புதல்

அகலத்துக்கு ஐந்து, நீளத்துக்கு ஏழு. என் பிள்ளைகளுக்கு இந்த வேலைதான் பிடிக்கும். ஒரே வீட்டுத் துணி பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடாது என்பது மட்டும் என் விதி, மற்றது அவர்கள் இஷ்டம். சண்டை வந்தால் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அடர்நிறமெல்லாம் ஒரு மூலையில் கும்பலாகக் கிடப்பது அதில் பளிச்சென்று தெரியும்.

முடிவானதும் ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக அடுக்கி, மேலே வரிசை எண் எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்திவிடுங்கள். பேன் காற்றில் ஒரு மணி நேர வேலை பறந்துபோன வீடு இது.

5. ஒட்டுத் தையல்

இரண்டு சதுரங்களின் நல்ல பக்கம் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, ஓரத்திலிருந்து கால் இஞ்ச் தள்ளித் தையுங்கள். மெஷின் தகட்டில், ஊசியிலிருந்து கால் இஞ்ச் அளந்து ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் துணியின் ஓரத்தை அதில் உரசிக்கொண்டே போகலாம். ஓர் இஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழட்டும்.

ஒரு ஜோடி முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்த ஜோடியை உள்ளே விடுங்கள். தோரணம் மாதிரி வரிசையாக வந்து விழும், கடைசியில் மொத்தமாக வெட்டிக்கொள்ளலாம். வரிசைக்கு நான்கே தையல். குக்கரில் பருப்பு வைத்துவிட்டு உட்கார்ந்தால் மூன்றாவது விசிலுக்குள் ஒரு வரிசை முடிந்துவிடும்.

இப்போது இஸ்திரி. இதைத் தவிர்க்கவே கூடாது. 1, 3, 5, 7 வரிசைகளில் உள்தையலின் மடிப்பை வலப்பக்கமாகச் சாய்த்துத் தேயுங்கள். 2, 4, 6-இல் இடப்பக்கமாக. வரிசையோடு வரிசையை வைக்கும்போது, எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு மடிப்புகளும் கைக்குத் தெரியும்படி ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தித் தைத்தால் நான்கு சதுரமும் சந்திக்கும் மூலை கூட்டல் குறி மாதிரி நிற்கும். சந்திப்பில் ஒரு நூலளவு விலகினால் விட்டுவிடுங்கள். கால் இஞ்ச் விலகினால் பிரித்துத் தையுங்கள்.

அத்தை இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "ஏங்கண்ணு, முழுசா இருக்கற துணிய வெட்டி, மறுபடியும் ஒட்டறதுக்கா இத்தனை பாடு?" என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அவராகவே பெட்டியைத் திறந்து, மாமா கட்டிய வேட்டி ஒன்றை எடுத்து அடிப்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

6. ஓரப்பட்டி

இப்போது துணி முப்பதரைக்கு நாற்பத்திரண்டரை இஞ்ச் இருக்கும். மூன்றரை இஞ்ச் அகலத்தில் பட்டி வெட்டுங்கள்: நீளப் பக்கத்துக்கு நாற்பத்திரண்டரையில் இரண்டு, அவற்றைத் தைத்த பிறகு மேலும் கீழும் முப்பத்தாறரையில் இரண்டு. உங்கள் துணி ஓர் அரை இஞ்ச் முன்பின் வந்திருந்தால் என் கணக்கை விட்டுவிட்டு உங்கள் துணியை அளந்து வெட்டுங்கள்.

7. மூன்று அடுக்கு

வேட்டியை நாற்பதுக்கு ஐம்பத்திரண்டு இஞ்சாக வெட்டி, மொசைக் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஓரங்களை செலோடேப்பால் தரையோடு ஒட்டுங்கள். ரொம்ப இழுக்க வேண்டாம். அதன் மேல் பெட்ஷீட் துண்டு, அதற்கு மேல் நீங்கள் தைத்தது, நல்ல பக்கம் மேலே பார்க்க. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் நீவிவிட்டு, சதுரத்துக்கு ஒன்றாக 35 ஊக்கு குத்துங்கள். ஓரப்பட்டியை மட்டும் நூலால் நீளநீளமாகக் கச்சா (பிறகு உருவிவிடும் தற்காலிகத் தையல்) அடித்தால் போதும். முட்டி வலிக்கும். ஒரு தலையணையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

8. கைத்தையல்

மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிப்பது, ஊசியை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கிப் போகும் ஓட்டுத் தையல்தான். வங்காளத்து காந்தா இதே வேலைதான். பழைய புடவைகளை அடுக்கி, அந்தப் புடவைக் கரையிலிருந்தே நூல் உருவித் தைப்பது அவர்கள் வழக்கம். கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவண்டி என்ற ஒட்டுப்போர்வையில், ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச்சுற்றி வருவார்கள். நமக்கு நடுவில் தொடங்கி வெளியே போவது எளிது, சுருக்கம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும்.

எம்ப்ராய்டரி நூலின் ஆறு இழையில் மூன்றை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். சிறிய முடிச்சுப் போட்டு, தையல் தொடங்கும் இடத்துக்கு ஓர் இஞ்ச் தள்ளி மேல்துணியில் ஊசியை இறக்கி, தொடங்கும் இடத்தில் வெளியே எடுத்துச் சுண்டி இழுங்கள். ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தத்தோடு முடிச்சு துணிக்குள் இறங்கி ஒளிந்துகொள்ளும். அந்தச் சத்தத்துக்காகவே நான் நூலைச் சின்னதாக வெட்டுவதுண்டு.

ஒட்டுத் தையலுக்குக் கால் இஞ்ச் உள்ளே ஒவ்வொரு சதுரத்தையும் சுற்றிப் போங்கள். ஊசியில் மூன்று நான்கு தையல் கோத்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுக்கலாம். தையல் சின்னதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதுதான் அழகு. மடிப்புகள் சேரும் மூலைகளில் மட்டும் ஒவ்வொரு தையலாகக் குத்துங்கள். நடுவிரலுக்குத் தையல்காரர்கள் மாட்டும் தொப்பி இருந்தால் நல்லது. எனக்கு இந்தக் கட்டம் மட்டும் மூன்று வாரம் ஆனது. பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு அரை மணி, இரவு குழுவில் எல்லோரும் வீடியோ காலில் வந்து அவரவர் வேலையைப் பார்க்கும்போது ஒரு மணி. பேசுவதைவிட ஊசி ஏறி இறங்கும் நேரம்தான் அதில் அதிகம்.

9. ஓரம் மடித்தல்

மேல்துணியையும் பெட்ஷீட்டையும் ஒன்றுபோல வெட்டிச் சமன் செய்யுங்கள். அடி வேட்டி மட்டும் நான்கு பக்கமும் ஓர் இஞ்ச் நீட்டிக்கொண்டு இருக்கட்டும். அதை அரை இஞ்ச் மடித்து, மறுபடி அரை இஞ்ச் மேல்பக்கமாக மடித்துத் தைத்தால் பிசிறெல்லாம் மூடிக்கொள்ளும். முதலில் மேல் கீழ், அப்புறம் பக்கவாட்டு. மூலையில் துணி தடிப்பாக இருந்தால் மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், ஊசி உடையாது.

10. அனுப்பும் முன்

கச்சா நூலை உருவி, ஒருமுறை துவைத்து நிழலில் காயப்போடுங்கள். கூடவே ஒரு சீட்டு வைக்க வேண்டும்: கைக்குழந்தை தூங்கும்போது இதைப் போர்த்தக்கூடாது, முகத்தை மூடிவிடும். ஒரு வயது ஆகும்வரை பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட விடத்தான்.

இன்னொன்று. ஊக்குகளை எண்ணாமல் பார்சல் கட்டாதீர்கள். நான் எண்ணினேன், 34. மறுபடி எண்ணினாலும் 34. குழந்தைக்குப் போகும் போர்வை, வயிற்றைக் கலக்கிவிட்டது. பிரிட்ஜ் கதவிலிருந்து காந்தத்தை எடுத்து, சதுரம் சதுரமாகத் தடவினேன். மடித்த ஓரம் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். மகன் டார்ச் பிடித்தான், மகள் கட்டிலுக்கு அடியில் போனாள். ஓரத்தைப் பிரிக்கக் கத்தரியைக் கையில் எடுத்தபோது அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கழுத்துல என்ன கண்ணு?" என்றார். முப்பத்தைந்தாவது ஊக்கு என் தாலிச் சரட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.