வாங்குவதற்கு முன் செருப்பை முறுக்கிப் பாருங்கள்

குதிகால் வலி இருந்தால், புதுச் செருப்பைக் காலில் போடும் முன் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும்தான் அது வளைய வேண்டும். நடுவில் மடிந்தாலோ, ஈரத்துணி பிழிவது போல முறுக்க வந்தாலோ அப்படியே வைத்துவிடுங்கள். மதுரை மாசி வீதிக் கடைகளில் "மெத்து மெத்துன்னு இருக்கும்ணே" என்று எடுத்து நீட்டுவது பெரும்பாலும் இந்த ரகம்தான்.

குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் தடித்த நார் ஒன்று ஓடுகிறது. செருப்பு நடுவில் தொய்ந்தால் பாத வளைவும் சேர்ந்து இறங்கி, அந்த நார் குதிகாலைப் பிடித்து இழுக்கும். காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் சுள்ளென்று குத்துவது அங்கேதான். மாலையில் போய் வாங்குங்கள். பாதம் லேசாக வீங்கியிருக்கும், அளவு சரியாக அமையும். டைல்ஸ் தரைக்கும் தனியாக ஒரு ஜோடி வேண்டும். (மீனாட்சி கோயில் ஆடி வீதியில் வெறுங்கால்தான், அதற்கு வழியில்லை.)

சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்கு இது போதாது. டாக்டரிடம் கேட்டு எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர் அடி வைத்த) செருப்பு வாங்குவதே நல்லது. கீழே விழுந்து வந்த வலி, வீக்கம், படுத்தாலும் விடாத வலி என்றால் செருப்புக் கடைக்கு முன்னால் எலும்பு டாக்டரிடம் போங்கள்.