பனி கொட்டிய ஆண்டில் மலை அணைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையில் பனி அதிகமாகப் பெய்த ஆண்டில் ஓர் அணையைக் காப்பாற்றுவது அதில் மிச்சம் இருக்கும் காலி இடம்தான். அந்த இடத்தை வெள்ளம் வருவதற்கு வெகு முன்பே, பனி உருகத் தொடங்காத நாட்களில், தண்ணீரைத் திறந்துவிட்டு உண்டாக்க வேண்டும். அப்போது திறந்தால் "தண்ணீரை வீணாக்குகிறார்கள்" என்ற பேச்சு வரும். அதற்குப் பயந்து தள்ளிப்போடுவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே நிற்கும் க்ளென் கேன்யன் அணையை எடுத்துக்கொள்வோம். 710 அடி உயரம். 1963-இல் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். பின்னாலுள்ள பவல் ஏரி முதன்முறையாக நிரம்ப 1980 ஆகிவிட்டது. பதினேழு ஆண்டுகள் காத்து நிரப்பிய ஏரியைக் குறைக்க யாருக்கும் மனம் வராது. 1983 வசந்த காலத்திலும் ஏரி ஏறக்குறைய நிறைந்தே இருந்தது. குளிர்காலத்தில் வந்த கணிப்புகள், நீர்வரத்து சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்றுதான் சொல்லின. ஆனால் மே மாதம் வரை குளிர் நீடித்து, பனி சேர்ந்துகொண்டே போனது. மே கடைசியில் திடீரென வெயில் ஏறியது, பனியின்மேல் மழையும் விழுந்தது. ஏப்ரல் முதல் ஜூலை வரை வந்த தண்ணீர் சராசரியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த அணையின் மின் நிலையமும் அடிமதகுகளும் சேர்ந்து விநாடிக்குச் சுமார் 45,000 கனஅடி வெளியேற்ற முடியும். உச்ச நாட்களில் நீர்வரத்து ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியது. வித்தியாசம் 55,000 என்றே வைத்தாலும் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 5 டி.எம்.சி. தேங்கும். அந்த வேகத்தில் காலியான மேட்டூர் அணையே இருபது நாளில் நிரம்பிவிடும். மாறாக மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் வழக்கத்தைவிட 10,000 கனஅடி கூடுதலாக விட்டிருந்தால் 50 டி.எம்.சி.க்கு மேல் இடம் கிடைத்திருக்கும். அந்தத் தண்ணீர் டர்பைன் வழியாகப் போனால் மின்சாரமும் கிடைக்கும். ஜூனில் உபரிநீர்ப் போக்கி வழியாகப் பாயும் தண்ணீரில் ஒரு யூனிட்கூட வராது. எது வீண் என்று நீங்களே சொல்லுங்கள்.

கணிப்பை ஒற்றை எண்ணாகப் படிப்பது இன்னொரு தவறு. "சராசரியில் 110 சதவீதம்" என்று அறிக்கை சொன்னால் அதற்கு மேலும் கீழும் பெரிய வீச்சு இருக்கிறது. ஏரி நிரம்பியிருக்கும்போது அந்த வீச்சின் மேல்நுனியைப் பார்த்துத்தான் திட்டமிட வேண்டும், ஏனென்றால் பிழையைத் தாங்க இடமே இல்லை. பனி அளக்கும் நிலையங்களும் சில நேரம் ஏமாற்றும். பல நிலையங்கள் மலையின் நடு உயரத்தில் இருக்கின்றன. அங்கே பனி முழுக்கக் கரைந்து அளவு பூஜ்யம் ஆனபிறகும் சிகரங்களில் நிறைய மிச்சமிருக்கலாம். கலிபோர்னியாவில் இப்போது விமானத்திலிருந்து லேசர் கொண்டு பனியின் ஆழத்தை அளந்து இந்தக் குறையைச் சரிசெய்கிறார்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது: வரைபடத்தில் எழுதிய திறனை நம்பி இருந்துவிடுவது. க்ளென் கேன்யனில் உபரிநீர்ப் போக்கிகள் பாறையைக் குடைந்து அமைத்த சுரங்கங்கள். ஒவ்வொன்றும் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் தாங்கும் என்பது வடிவமைப்புக் கணக்கு. 1983 ஜூனில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக விட்டபோதே இடது சுரங்கம் உறுமத் தொடங்கியது. அசுர வேகத்தில் பாயும் நீர் கான்கிரீட்டில் இருக்கும் சிறு மேடுபள்ளத்தைத் தாண்டும்போது அழுத்தம் குறைந்து ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. அவை உடையும் அதிர்ச்சி கான்கிரீட்டைச் சில்லு சில்லாகப் பெயர்க்கிறது. பெயர்ந்த இடத்தில் சுழல் கூடி, அடுத்த பள்ளம் விழுகிறது. கடைசியில் சுரங்கம் வளையும் இடத்தில் 32 அடி ஆழக் குழி. போக்கியை முழுவேகத்தில் ஓட்டப் பயந்து, ஷட்டர்களுக்கு மேல் முதலில் பிளைவுட் பலகைகளையும், அப்புறம் இரும்புப் பலகைகளையும் நிறுத்தி ஏரியைத் தடுத்தார்கள். கடல்மட்டத்திலிருந்து கணக்கிடும் முழுக் கொள்ளளவு மட்டமான 3,700 அடியைத் தாண்டி, ஜூலை நடுவில் நீர் 3,708 அடிக்கு ஏறிய பிறகே இறங்கியது. இத்தனைக்கும் இதே வகைச் சேதம் 1941-இல் ஹூவர் அணையிலும், 1967-இல் மொண்டானாவின் எல்லோடெயில் அணையிலும் ஏற்பட்டிருந்தது. 1983-க்குப் பிறகுதான் க்ளென் கேன்யன் சுரங்கங்களில், குமிழிகளின் அதிர்ச்சியைத் தணிக்க, பாயும் நீருக்குள் காற்றுப் புகும் பள்ளங்கள் வெட்டப்பட்டன.

கலிபோர்னியாவின் ஓரோவில் அணையில் 2017 பிப்ரவரி 7 அன்று பிரதான போக்கியின் தளம் பெயர்ந்தது. அதைக் காப்பாற்ற வெளியேற்றத்தைக் குறைத்தார்கள்; ஏரி ஏறி, அதுவரை பயன்படாத அவசரப் போக்கியின்மேல் வழிந்தது. அதன் கீழே இருந்தது வெறும் மலைச்சரிவு. மண் வேகமாக அரித்துக்கொண்டு போக, 12-ஆம் தேதி சுமார் 1,88,000 பேரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அந்தச் சரிவுக்குக் கான்கிரீட் போடுங்கள் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் 2005-லேயே கேட்டிருந்தன. மாற்று வழி இருக்கிறது என்று சொல்பவர்கள் அதில் தண்ணீர் ஓடினால் என்ன ஆகும் என்பதை வறண்ட ஆண்டிலேயே பார்த்துவைக்க வேண்டும்.

வெள்ளம் தணிந்ததும் ஷட்டர்களைச் சட்டென்று மூடுவதும் ஆபத்து. ஊறிப்போன கரை, ஆற்று நீர் தாங்கிக்கொண்டிருந்த பலத்தை ஒரே நாளில் இழந்து சரியும். ஓரோவில்லில் பிப்ரவரி கடைசியில் தண்ணீரை நிறுத்தியபோது கீழே ஃபெதர் ஆற்றின் கரைகள் அப்படித்தான் இடிந்தன.

சரி, அப்படியென்றால் எப்போதும் முன்கூட்டியே காலி செய்துவிடலாமா? அதுவும் தவறுதான். கலிபோர்னியாவில் மெண்டோசினோ ஏரி என்ற நீர்த்தேக்கத்தில் 2012 டிசம்பரில், 1950-களின் கையேட்டுப்படி வெள்ளத்துக்கென இடம் விட்டுத் தண்ணீரைத் திறந்தார்கள். அடுத்து வந்தது கடும் வறட்சி. முல்லைப் பெரியாறு விவகாரத்தில் நாம் கேள்விப்பட்ட 'ரூல் கர்வ்' (எந்தத் தேதியில் எந்த மட்டம் வரை தேக்கலாம் என்ற அட்டவணை) போன்ற விதிகளின் சங்கடம் இதுதான்: தேதியை மட்டும் பார்த்தால் வானத்தையும் மலையையும் பார்க்காமல் போய்விடும். அதே மெண்டோசினோவில் பிறகு வானிலைக் கணிப்பையும் சேர்த்துப் பார்த்து, புயல் வராத நாட்களில் தண்ணீரை வைத்துக்கொள்ளும் முறையைச் சோதித்து ஏற்றுக்கொண்டார்கள்.

கீழே இருப்பவர்களுக்கும் நேரம் வேண்டும். 1983-இல் கொலராடோவின் கீழ்ப்பகுதியில், அணைகள் வந்தபின் ஆறு இனி பெருகாது என்று நம்பி வெள்ளப்படுகையில் வீடு கட்டியவர்கள் தண்ணீரில் நின்றார்கள். கிராண்ட் கேன்யனில் படகுப் பயணி ஒருவர் உயிரிழந்தார். எந்த அளவு வெளியேற்றத்துக்கு எந்தத் தெரு நனையும் என்ற வரைபடம் பனி உருகும் முன்பே அந்தந்த ஊரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.