லெவல் பாராமல் டேபிள் பிடிக்கலாமா? கன்வென்ஷனுக்குப் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பர் வீட்டு மொட்டைமாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்னும், பகடை உருட்டிக் கதாபாத்திரமாக நடித்து ஆடும் கதையாட்டத்தை ஆடிப் பழகிய ஒருவர், முதன்முறையாக ஒரு கன்வென்ஷனின், அதாவது இத்தகைய ஆட்டக்காரர்கள் கூடும் விழாவின், அட்டவணையைப் பார்க்கும்போது, சாகசத்தின் தலைப்பையும் இரண்டு வரிக் கதைச் சுருக்கத்தையும் மட்டும் படித்துவிட்டு எதில் சேர்வது என்று முடிவு செய்துவிடுகிறார். டிராகன் வருகிறதா, கடற்கொள்ளையர் வருகிறார்களா என்பதுதான் அவர் கண்ணில் முதலில் படுகிறது. புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ பயணம் செய்து ஆடுபவரானாலும், வீட்டிலிருந்தபடியே இணையவழிக் கன்வென்ஷனில் சேர்பவரானாலும், பின்னால் வரும் சிக்கல்களில் பல இந்த ஓர் இடத்திலிருந்தே கிளைக்கின்றன. கதாபாத்திரத்தின் லெவலும் சாகசத்தின் லெவலும் பொருந்துகின்றனவா என்று பாராமலேயே அவர் இடம் பிடித்துவிடுகிறார்.

வீட்டு ஆட்டத்தில் இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. அங்கே டி.எம்.மாக, அதாவது கதையைச் சொல்லி எதிரிகளை இயக்கி ஆட்டத்தை நடத்துபவராக, அமர்ந்திருப்பவர் நம் கூட்டாளி. எதிரி பலமாக இருந்தால் அதன் உயிர்ப்புள்ளிகளைச் சத்தமில்லாமல் குறைத்துவிடுவார், யாராவது சாகும் நிலை வந்தால் கதையையே சற்று வளைத்துக் காப்பாற்றிவிடுவார். கன்வென்ஷன்களில் நடக்கும் ஆர்கனைஸ்டு பிளே என்னும் பொது ஏற்பாட்டில் அந்தத் தாராளம் இல்லை. 1980-இல் ஆர்.பி.ஜி.ஏ. என்னும் ஆட்டக்காரர் அமைப்பு தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்துவந்த இந்த முறையின் பயனே, ஒரே கதாபாத்திரத்தை ஊர் ஊராக, டேபிள் டேபிளாக எடுத்துச் சென்று, முன்பின் தெரியாதவர்களோடும் சேர்ந்து ஆட முடிகிறது என்பதுதான். அதற்கு விலையாக, எல்லா டேபிள்களிலும் சாகசம் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்தாக வேண்டியிருக்கிறது. ஆட்டத்தை நடத்துபவர், அச்சிட்ட பிரதியில் பலவீனமான குழுவுக்கும் பலமான குழுவுக்கும் என்று கொடுத்துள்ள மாற்றங்களுக்குள்தான் நிற்க முடியுமே தவிர, உங்கள் முகம் வாடுவதைப் பார்த்து எதிரியை மாற்றி எழுத முடியாது.

எனவே தலைப்புக்கு முன்பு லெவல் வரம்பைப் படிக்க வேண்டும். டி அண்ட் டிக்கான இத்தகைய ஏற்பாடாக 2014-இல் தொடங்கிய அட்வென்ச்சரர்ஸ் லீக், 20 லெவல்களை நான்கு அடுக்குகளாகப் பிரித்துள்ளது: முதல் அடுக்கு 1 முதல் 4 வரை, இரண்டாவது 5 முதல் 10 வரை, மூன்றாவது 11 முதல் 16 வரை, நான்காவது 17 முதல் 20 வரை. பாத்ஃபைண்டர் என்னும் இதேவகை ஆட்டத்துக்காக 2008-இல் தொடங்கிய பாத்ஃபைண்டர் சொசைட்டியின் வரம்புகள் வேறு. 2019-இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு எழுதப்பட்ட சினாரியோக்களில், அதாவது தனிச் சாகசங்களில், பல 1–4, 3–6, 5–8, 7–10 என்று ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும் வரம்புகளைக் கொண்டவை. ஒன்றில் பழகிய கணக்கை மற்றொன்றில் போட்டுப் பார்ப்பது வீண்வேலை. லீக்கில் 5-ஆம் லெவல் கதாபாத்திரமும் 10-ஆம் லெவல் கதாபாத்திரமும் ஒரே டேபிளில் அமரலாம். சொசைட்டியின் 5–8 டேபிளில் 10-க்கு இடமில்லை.

இந்த வரம்பு வெறும் அலுவலகச் சம்பிரதாயம் அல்ல என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில், உடலுறுதி (கான்ஸ்டிட்யூஷன்) எண் 14 உள்ள முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளிகள் 8. இரண்டாம் அடுக்குச் சாகசத்தில் எதிரி மந்திரவாதி ஃபயர்பால் என்னும் நெருப்புக்கோள மந்திரத்தை வீசுவது சர்வசாதாரணம். அதன் சேதம் எட்டு ஆறுபக்கப் பகடைகளின் கூட்டுத்தொகை, சராசரியாக 28. அடியிலிருந்து தப்ப உருட்டும் பகடையில் நம் மந்திரவாதி தோற்றால், 8 புள்ளிகளும் போக மீதி 20 நிற்கிறது. அந்த மீதி அவருடைய முழு உயிர்ப்புள்ளி அளவை எட்டினாலே உடனடி மரணம் என்பது விதி. இங்கே அது எட்டு அல்ல, இருபது. தப்பும் பகடையில் வென்றாலும் பாதிச் சேதமான 14 விழுகிறது, அவர் மயங்கிச் சாய்கிறார். ஆட்டம் தொடங்கி அரை மணி நேரத்தில், ஒரு பகடையை உருட்டி முடித்துவிட்டு, மீதி மூன்றரை மணி நேரம் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். லீக் இப்படிப்பட்ட அடுக்குக் கலப்பை அனுமதிப்பதில்லை என்பதற்குக் காரணம் கண்டிப்பு அல்ல, இந்தக் கணக்குதான்.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் இடைவெளி இன்னும் கூர்மையானது. பயிற்சி பெற்ற திறன்கள் எல்லாவற்றிலும் கதாபாத்திரத்தின் லெவலே பகடையோடு கூட்டப்படுவதால், நான்கு லெவல் மேலிருக்கும் எதிரியின் அடி நம்மீது எளிதில் விழும், நம் அடி அதன்மீது விழாது. தேவையான எண்ணைவிட 10 கூடுதலாக உருட்டினால் இரட்டைச் சேதம் என்னும் விதியும் சேர்ந்துகொள்கிறது.

அடுத்த தவறு, ஆடுபவரின் அனுபவத்தையும் கதாபாத்திரத்தின் லெவலையும் ஒன்றாக நினைப்பது. 1968-இல் தொடங்கி இப்போது இண்டியானாபொலிஸ் நகரில் நடைபெறும் ஜென் கான் போன்ற பெரிய கன்வென்ஷன்களின் அட்டவணையில், தேவைப்படும் அனுபவம் எவ்வளவு என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. ஒன்றும் வேண்டாம், கொஞ்சம் வேண்டும், நன்கு தேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று அதில் மூன்று வகை. அது நாற்காலியில் அமரும் மனிதரைப் பற்றியது. லெவல் வரம்பு, அவர் கையிலுள்ள தாளில் எழுதியிருக்கும் வீரரைப் பற்றியது. பத்தாண்டுகளாக ஆடுபவரும் புதிய கதாபாத்திரம் தொடங்கினால் வழக்கமாக முதல் லெவலில்தான் தொடங்குகிறார். எனவே முதல் அடுக்கு டேபிள் என்றாலே அங்கே விதிகளைச் சொல்லித் தருவார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு கட்டங்களும் ஒருசேரப் பொருந்தும் டேபிளைத்தான் புதியவர் தேட வேண்டும்.

எண்களைப் பற்றி இன்னொன்று. சாகசங்களின் பெயருக்கு முன்னால் 1-01, 1-04 என்றெல்லாம் வரும் குறியீட்டில் முதல் எண் பருவத்தை (சீசனை) குறிக்கிறது, அடுத்தது அந்தப் பருவத்தில் அந்தச் சாகசத்தின் வரிசை எண். 1-04 என்பதைப் பார்த்து இது 1 முதல் 4 லெவலுக்கானது என்று நம்பிச் சேர்பவர்கள் உண்டு. பாத்ஃபைண்டர் சொசைட்டி இரண்டாம் பதிப்பின் 1-01 சினாரியோவின் வரம்பு உண்மையிலேயே 1–4 என்பதால், அதை முதலில் ஆடியவருக்கு இந்தக் குழப்பம் ஏற்படுவது இயல்பே. வரம்பு எப்போதும் தனியாக எழுதப்பட்டிருக்கும்; தேடிப் படித்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் மிகுதியாகச் செய்வது என்று நான் கருதும் தவறு, கூட்டமாகப் போய்க் கூட்டமாகவே உட்கார விரும்புவது. மஞ்சக்குப்பத்திலிருந்து பெரியப்பா மகனோடும் அவருடைய நண்பர்களோடும் கிளம்பும் கல்லூரி மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். “அண்ணே, உங்க டேபிள்லயே எனக்கும் ஒரு சீட்டு போட்டுடுங்கண்ணே” என்று தம்பி கேட்பதும், “வாடா, நாங்க மூணு பேர் இருக்கோம்ல, பாத்துக்குறோம்” என்று அண்ணன் சொல்வதும் பாசத்தில் வருபவை. ஆனால் அண்ணனும் நண்பர்களும் 4-ஆம் லெவல், தம்பி முதல் லெவல் என்றால், 1–4 சினாரியோவில் அவர்கள் விதிப்படி ஒன்றாக அமர முடியும் என்பதே பொறியாகிவிடுகிறது. குழுவின் பலத்தை அளக்கும் சொசைட்டியின் சேலஞ்ச் பாயிண்ட் கணக்கில் முதல் லெவலுக்கு 2 புள்ளி, 4-ஆம் லெவலுக்கு 6 புள்ளி. நால்வருக்கும் சேர்த்து 20 வருகிறது. 19-ஐத் தொட்டாலே சாகசத்தின் கடினமான வடிவம் நடத்தப்படும். அண்ணன்மார் மூவருக்கும் அளவெடுத்துத் தைத்த எதிரிகளின் முன்னால் தம்பி நிற்க வேண்டியதாகிறது. விதிகள் சிறு சலுகைகள் தந்தாலும், அவர் வீசும் கத்தி பெரும்பாலும் காற்றைத்தான் வெட்டும்.

இதற்குத் தீர்வு, தம்பியை மேலே ஏற்றுவது அல்ல, அண்ணன் கீழே இறங்குவது. லீக், சொசைட்டி இரண்டிலுமே ஒருவர் எத்தனை கதாபாத்திரங்களை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பழகியவர் முதல் லெவலில் புதிதாக ஒருவரை உருவாக்கிக்கொண்டு தம்பியோடு அமர்ந்தால், அவருக்கும் புதுக் கதை, தம்பிக்கும் விதி சொல்லித்தர ஆள். கன்வென்ஷனுக்கு முந்தைய வாரத்திலேயே இதைப் பேசி முடித்துவிட வேண்டும்; அரங்கின் வாசலில் நின்றுகொண்டு கதாபாத்திரம் உருவாக்க முடியாது.

தயார்நிலைக் கதாபாத்திரங்களைப் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. பாத்ஃபைண்டர் சொசைட்டி இரண்டாம் பதிப்பில் வலேரோஸ், கைரா, எஸ்ரென், மெரிசியேல் போன்ற அடையாள வீரர்கள் 1, 3, 5 ஆகிய லெவல்களில் ஆயத்தமாகக் கிடைக்கிறார்கள். கையில் முதல் லெவல் ஆள்கூட இல்லாத புதியவர், 5-ஆம் லெவல் எஸ்ரெனை எடுத்துக்கொண்டு 5–8 டேபிளில் அமர்வதை விதி தடுப்பதில்லை. ஆனால் அந்தத் தாளில் பல வரிகளில் மந்திரங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் தூரமும் பரப்பும் வேறு. தன் முறை வரும்போதெல்லாம் அவர் தாளைப் புரட்டிக்கொண்டிருக்க, மற்ற ஐந்து பேர் காத்திருப்பார்கள். புதியவருக்கு முதல் லெவல் வலேரோஸ் போதும். வாளை எடுக்க வேண்டும், அருகில் போக வேண்டும், வெட்ட வேண்டும். மீதிக் கவனம் கதையில் இருக்கலாம். எந்தத் தயார்நிலை வீரரை எடுத்தாலும், அந்த ஆட்டத்தின் பலன் உங்களுடைய எந்தக் கதாபாத்திரத்தின் கணக்கில் சேர வேண்டும் என்பதை ஜி.எம்.மிடம் (பாத்ஃபைண்டரில் ஆட்டத்தை நடத்துபவருக்கு இந்தப் பெயர்) சொல்லி, குரோனிக்கிள் ஷீட் என்னும் பலன் பதிவுத் தாளில் உறுப்பினர் எண்ணோடும் கதாபாத்திர எண்ணோடும் பதிந்துகொள்ளுங்கள். பாத்ஃபைண்டரில் இரண்டாம் பதிப்புக் கதாபாத்திரங்களின் எண் 2001-லிருந்து தொடங்குகிறது, அதன் விண்வெளிச் சகோதர ஆட்டமான ஸ்டார்ஃபைண்டரின் முதல் பதிப்புக்கு 701-லிருந்து. இதை மாற்றி எழுதினால் பலன் வேறு ஆட்டத்தின் கணக்கில் போய் நின்றுவிடும்.

இனி, சனி ஞாயிறு முழுவதற்கும் ஒரே மூச்சில் டிக்கெட் எடுப்பவர்கள் மறந்துவிடும் விஷயம்: லெவல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. சொசைட்டியின் இரண்டாம் பதிப்பில் ஒரு சினாரியோவுக்கு 4 அனுபவப் புள்ளிகள், 12 சேர்ந்தால் ஒரு லெவல் என்பது வழக்கம். அதாவது மூன்று சினாரியோக்கள். 4-ஆம் லெவலில் 8 புள்ளிகளோடு சனிக்கிழமை காலை அமர்பவர், மதியச் சாப்பாட்டுக்கு எழும்போது 5-ஆம் லெவல் ஆகியிருப்பார். மாலைக்கு அவர் எடுத்துவைத்த 1–4 டிக்கெட் அந்தக் கதாபாத்திரத்துக்கு உதவாது. அட்வென்ச்சரர்ஸ் லீக்கில் சாகசம் முடிந்ததும் கிடைக்கும் லெவல் உயர்வை வேண்டாம் என்று மறுத்து அதே அடுக்கில் இருந்துகொள்ள இடமுண்டு. எப்படியாயினும், முதல் லெவலில் இன்னொரு கதாபாத்திரம் கோப்பில் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. வழக்கமான ஸ்லாட், அதாவது ஓர் ஆட்டத்துக்கு ஒதுக்கும் நேரம், நான்கிலிருந்து ஐந்து மணி நேரம். பகல் இரண்டு மணிக்குப் புதுச்சேரியில் ஏதோ ஓர் அரங்கில் தொடங்கினால் முடிய ஏழாகலாம். அதன்பின் வாரக்கடைசி நெரிசலில் கடலூர் பஸ் பிடிக்க வேண்டியவர் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும் குறுஞ்சாகசத்தை முதலில் எடுப்பது நல்லது. பாதியில் எழுந்து போனால் அந்தக் குழுவின் பலமே குறைந்துவிடும். இணையவழி என்றால் அட்டவணையில் உள்ள நேரம் எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள்: கோடைக்காலத்தில் அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் சனிக்கிழமை இரவு 8 மணி, நமக்கு ஞாயிறு காலை 5.30. தொடர்கதையின் இரண்டாம், மூன்றாம் பாகங்களில் முதன்முதலாக நுழைவதும், பல டேபிள்கள் ஒரே நேரத்தில் ஒரே போரை ஆடும் பெருநிகழ்வுகளை முதல் ஆட்டமாகக் கொள்வதும் வேண்டாம். பின்னதில் அரங்கமே கடிகாரத்தோடு ஓடுவதால், உங்களுக்கு ஒரு விதியை நிறுத்தி விளக்க ஜி.எம்.முக்கு அவகாசம் இருக்காது.

விதிக் கையேட்டின் பழைய பிரதியை நம்புவதும் தொல்லை தரும். லீக்கில் முதலில் அனுபவப் புள்ளிகளால் லெவல் உயர்ந்தது. 2018-இல் அந்த முறை மாறியது, அதன் பின்னரும் மாறியது. வரம்புகளும் புள்ளிக் கணக்குகளும் பருவந்தோறும் திருத்தப்படக்கூடியவை என்பதால், நண்பர் அனுப்பிய பி.டி.எஃப். எந்தப் பருவத்தினுடையது என்று பார்த்துவிட்டு, அந்தக் கன்வென்ஷனில் நடைமுறையிலுள்ள கையேட்டையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு தவறான டேபிளுக்கு டிக்கெட் எடுத்துவிட்டது தெரிந்தால், பேசாமல் போய் உட்கார்ந்து சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்லாட் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே ஒருங்கிணைப்பாளர் மேசைக்குச் சென்று, “சார், நான் புதுசு, என் கேரக்டர் முதல் லெவல்தான், எந்த டேபிள்ல உட்காரலாம்?” என்று கேட்டுவிடுங்கள். வராமல் போனவர்களால் காலியாகும் நாற்காலிகள் எங்கே இருக்கின்றன, எந்த டேபிளில் ஆள் குறைந்து ஆட்டம் நின்றுபோகும் நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அந்த மேசையில் இருப்பவருக்குத்தான் தெரியும். சொசைட்டியில் வழக்கமான டேபிளுக்கு நால்வர் தேவை, லீக்கில் மூவராவது வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு ஒருவர் குறைந்து தவிக்கும் முதல் லெவல் டேபிளுக்கு நீங்களே அந்த ஒருவராக அமையலாம்.