பழைய சிட்ரோயன் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன்: ஸ்பியர் மாற்றுவதும் பச்சை ஆயில் புதுப்பிப்பதும்

டயரில் காற்று இறங்கினால் வண்டி சப்பையாகிவிடும். சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக இருக்கும் உலோக உருண்டையான ஸ்பியரில் வாயு இறங்கினால் நடப்பது நேர்மாறு: உயரம் கொஞ்சமும் குறையாது, வண்டி மட்டும் மரக்கட்டையாக விறைத்துவிடும். வண்டியைத் தாங்குவது ஆயில். ஆயிலின் அளவை ஹைட் கரெக்டர் என்ற உயரம் சரிசெய்யும் வால்வு பார்த்துக்கொள்கிறது, அதனால் உயரம் சரியாகவே இருக்கும். ஸ்பிரிங்காக வேலை செய்வது ஸ்பியருக்குள் ரப்பர் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் நைட்ரஜன். வருடக்கணக்கில் அது ரப்பர் வழியே கசிந்து குறையும்போது, அமுங்க இடமில்லாமல் போகிறது. "உயரம் நன்றாக இருக்கிறது, அப்படியானால் சஸ்பென்ஷன் நன்றாக இருக்கிறது" என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். பிரேக் பேட் போல ஸ்பியரும் தேயும் பொருள், அவ்வளவே.

இங்கே சொல்வது எல்எச்எம் என்ற பச்சை மினரல் ஆயிலில் ஓடும் வண்டிகளுக்கு: ஜிஎஸ், சிஎக்ஸ், பிஎக்ஸ், எக்ஸ்எம், ஸான்டியா. சி5-இல் இருப்பது ஆரஞ்சு நிற எல்டிஎஸ் ஆயில். இரண்டையும் கலக்கக் கூடாது.

முதலில் டிக் சத்தத்தை எண்ணுங்கள்

வண்டி சூடாகி, சாதாரண உயரத்தில், ஐடிலில் நிற்கட்டும். ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் தொட வேண்டாம். பானெட்டைத் திறந்தால் பிரஷர் ரெகுலேட்டரிலிருந்து அவ்வப்போது ஒரு 'டிக்' கேட்கும். அழுத்தம் சுமார் 145 பாருக்கு இறங்கியதும் ரெகுலேட்டர் பம்பை வேலையில் இறக்கும், சுமார் 170 பார் எட்டியதும் விடுவிக்கும். ஒரு சுற்றுக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் நிம்மதி. பத்து வினாடிக்குள் என்றால் ஏதோ கெட்டிருக்கிறது.

எது கெட்டது என்பதையும் காதாலேயே பிரிக்கலாம். பம்ப் ஓய்வெடுக்கும் நேரமும் ஏற்றும் நேரமும் இரண்டுமே ஓரிரு வினாடிதான் என்றால், ரெகுலேட்டரில் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டர் ஸ்பியர் காலி. ஓய்வு குறைவு, ஆனால் ஏற்றுவதற்கு நெடுநேரம் ஆகிறது என்றால், அக்குமுலேட்டர் நன்றாக இருக்கிறது, ஆயில்தான் உள்ளே எங்கோ கசிந்து திரும்புகிறது. இதைப் பார்க்காமல் பம்பை மாற்றுவது காசைத் தண்ணீரில் விடுவது.

சக்கரத்துக்கான ஸ்பியர்களுக்கு: ஒவ்வொரு மூலையையும் உடல் எடையால் அமுக்கிப் பாருங்கள். மெத்தைபோல் இறங்கி எழ வேண்டும். அசையவே இல்லையென்றால் அந்த ஸ்பியர் போயிற்று. முன்பக்கம் இரண்டையும் சேர்த்து, பின்பக்கம் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஹைட்ராக்டிவ் (மின்னணு முறையில் மென்மையையும் விறைப்பையும் மாற்றும் சஸ்பென்ஷன்) உள்ள எக்ஸ்எம், ஸான்டியாவில் நடுவிலும் ஸ்பியர்கள் உண்டு. அவற்றை மறந்தால் புதிதாகப் போட்ட மற்றவற்றின் சுகமும் தெரியாது.

வாங்கும்போது மரை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஸ்பியரின் மேல் பொறித்திருக்கும் பார் எண், கொள்ளளவு, வாயிலிருக்கும் டாம்பர் (ஆயில் ஓட்டத்தைத் தணித்து ஆட்டத்தை அடக்கும்) துளை மூன்றும் உங்கள் மாடலுக்கும் அந்த அச்சுக்கும் ஒத்துப்போக வேண்டும். முன்பக்கத்துக்கானதும் பின்பக்கத்துக்கானதும் வேறு. அக்குமுலேட்டருக்கு டாம்பரே கிடையாது. அதை சக்கரத்தில் மாட்டினால் வண்டி படகாகிவிடும்.

தேவையானவை

எல்எச்எம் ஐந்து லிட்டர் கேன் ஒன்று, மேற்கொண்டு ஒரு லிட்டர். ஸ்பியருக்கு ஒரு புதிய சீல் ரிங் வீதம். செயின் வகை ஸ்பியர் கழற்றி: ஆயில் ஃபில்டருக்கான ரப்பர் பட்டை வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், துருப்பிடித்த ஸ்பியரில் அது வழுக்கிக்கொண்டே இருக்கும். 12 மிமீ ஸ்பேனர், ஜாக், நான்கு ஸ்டாண்டுகள், நூல் பிரியாத துணி, கொஞ்சம் பெட்ரோல்.

தூக்கி நிறுத்துவது

இந்த மாடல்களில் ஹேண்ட்பிரேக் முன்சக்கரங்களைப் பிடிக்கும். முன்பக்கத்தைத் தூக்கிய கணமே அது பயனற்றுப்போகும். எனவே பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். எஞ்சின் ஓடட்டும், உயர லீவரை உச்சத்துக்குத் தள்ளி வண்டி முழுதும் எழுந்த பிறகு ஜாக் வைத்து ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட அடியில் விடாதீர்கள். ஒரு பைப் போனால் வண்டி நேராகத் தரைக்கு வரும்.

ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் லீவரைத் தாழ் நிலைக்கு இறக்கி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பிந்தைய ஸான்டியா, எக்ஸ்எம்மில் வண்டி இரவில் அமுங்காமல் தடுக்கும் வால்வு இருக்கிறது. முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டால் அது அழுத்தத்தை சிலிண்டர்களுக்குள்ளேயே பூட்டிவிடும்.

அடுத்து ரெகுலேட்டரில் இருக்கும் ப்ளீட் ஸ்க்ரூவை ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். 'உஸ்' என்று ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சத்தம் வரும். ஸ்க்ரூவைக் கழற்றி எடுக்காதீர்கள். அதன் பின்னால் சின்ன எஃகுக் குண்டு ஒன்று இருக்கிறது, அது உருண்டு எஞ்சின் இடுக்கில் விழுந்தால் அன்றைய வேலை முடிந்தது.

ஸ்பியர்

கழற்றும்போது கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள், சிரமப்பட்டால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். பின்பக்கத்தில் ஓர் எச்சரிக்கை: ஸ்பியர் இறுகியிருந்தால் அதோடு சேர்ந்து சிலிண்டரும் சுற்றும். அதில் பொருத்திய மெல்லிய எஃகு பைப் முறுகி ஒடியும். ஒரு கையால் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு, அது அசைகிறதா என்று கண்ணால் பார்த்தபடி திருப்புங்கள்.

பழைய சீல் ரிங் பல சமயம் சிலிண்டரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். ஒன்றின் மேல் இன்னொன்று உட்கார்ந்தால் அழுத்தம் ஏறியதும் பீய்ச்சும். ரிங் உட்காரும் இடத்தைத் துடைத்து, புதிய ரிங்கை எல்எச்எம்மில் நனைத்து வைத்து, ஸ்பியரைக் கையால் மட்டும் இறுக்குங்கள். செயினை இறுக்குவதற்கு எடுக்கவே வேண்டாம். சீலை அடைப்பது ஆயில் அழுத்தம், உங்கள் பலம் அல்ல. இன்று செயின் போட்டு இறுக்கியவர் அடுத்த முறை உளியோடுதான் வர வேண்டும்.

கழற்றிய ஸ்பியரில் வாயு மிச்சம் இருக்கலாம். அறுக்கவோ தீயில் போடவோ கூடாது.

ஆயில்

தொட்டியின் மூடியோடு வெளிவரும் இரண்டு வலை ஃபில்டர்களைப் பெட்ரோலில் அலசிக் காயவையுங்கள். தொட்டியைக் கழற்றி அடியில் படிந்த சேற்றைத் துடையுங்கள். சிஸ்டத்தில் கொஞ்சம் பழைய ஆயில் எப்போதும் தங்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். 60,000 கி.மீ. அல்லது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆயில், அதன் பாதியில் ஃபில்டர் அலசல் போதும். ஆயில் பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தால் கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கள்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம்: பம்ப் பிடிக்கவில்லை

எல்லாம் மாட்டி, ஆயில் நிரப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் எதுவும் நடக்காது. வண்டி எழாது, டேஷ்போர்டில் அழுத்தம் குறைவு என்று எச்சரிக்கும் சிவப்பு விளக்கு அணையாது. பம்ப் போயிற்று என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் பம்பின் உறிஞ்சும் குழாயில் காற்று சிக்கியிருக்கிறது, அவ்வளவுதான். ப்ளீட் ஸ்க்ரூ மூடியிருந்தால் அந்தக் காற்று வெளியேற வழியில்லை.

எனவே ஸ்க்ரூவைத் திறந்த நிலையிலேயே எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஐடிலில் அரை நிமிடம் ஓடவிடுங்கள். தொட்டியின் திரும்பு குழாயில் முதலில் நுரை வரும், பிறகு குமிழி இல்லாத ஆயில் ஓடும். அப்போது ஸ்க்ரூவை மூடுங்கள். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் எஞ்சினை நிறுத்தி, தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயைத் தொட்டிப் பக்கம் கழற்றி, அதை உயர்த்திப் பிடித்து எல்எச்எம் ஊற்றி நிரப்பி, மாட்டி, மறுபடி முயலுங்கள். உலர்ந்த பம்பை நிமிடக்கணக்கில் ஓட்டாதீர்கள். குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் ஆயிலுக்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சும்.

அழுத்தம் வந்ததும் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, லீவரை உச்சிக்கும் தாழ்வுக்கும் நான்கைந்து முறை மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் வண்டி முழுதாக ஏறி இறங்கும்வரை பொறுத்து. சஸ்பென்ஷனில் இருக்கும் காற்று தானாகத் தொட்டிக்குத் திரும்பும். அளவு பார்ப்பது எஞ்சின் ஓடும்போது, உச்ச உயரத்தில்: மிதவை இரண்டு சிவப்பு வளையங்களுக்கு நடுவில் நிற்க வேண்டும். சாதாரண உயரத்தில் பார்த்தால் தொட்டியில் ஆயில் அதிகமாகத் தெரியும், குறைவாக நிரப்பிவிடுவீர்கள்.

பிரேக்குக்கும் இதே அழுத்தம்தான். சிவப்பு விளக்கு அணைந்து, நின்ற இடத்தில் பெடல் பிடிப்பதை உறுதி செய்யாமல் ஒரு அடிகூட நகர வேண்டாம்.

பின்சேர்க்கை

பிரேக் ஆயிலை அவசரத்துக்கு ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. டாட் 4 பட்டால் எல்எச்எம் சீல்கள் ஊதிப்போகும், சிஸ்டம் முழுக்கப் பிரிக்க வேண்டி வரும். 1966-க்கு முந்தைய டிஎஸ்ஸில் மட்டும் சிவப்பு ஆயில், அதன் சீல்கள் வேறு. அங்கே பச்சை ஊற்றினாலும் இதே கதை.

ஸ்பியர் எல்லாம் புதிது, டிக் நேரமும் சரி, ஆனால் தரையில் பச்சைச் சொட்டு விழுகிறது என்றால் முன்பக்க ஸ்ட்ரட்டின் மேலிருந்து தொட்டிக்கு ஓடும் மெல்லிய ரப்பர் திரும்பு குழாய்களைப் பாருங்கள். அழுத்தமில்லாத குழாய்கள்தான், ஆனால் வயதானால் முனையில் வெடிக்கும். எஃகு பைப்பில் கசிவு தேடுவதாக இருந்தால் அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள், விரலால் தடவாதீர்கள். 170 பாரில் பீய்ச்சும் நுண்ணிய ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படிப் பட்டால் வலிக்காவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.